தொப்புளில் ஒன்றும் பூச வேண்டாம்

நிலாவெளியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “பிள்ளை பிறந்து எட்டு நாள். தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. வசம்பைச் சுட்டுத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினால் காய்ந்து விழும், வாயுவும் ஏறாது என்கிறார் மாமி. பூசலாமா?”

வேண்டாம். எட்டாம் நாள் தாமதமே இல்லை. பெரும்பாலும் 5 முதல் 15 நாளுக்குள் விழும். மூன்று வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தொப்புள் ஒரு வாசல் என்று மாமி பயப்படுவது சரிதான். கொடிக்குள் ஓடும் இரத்தக்குழாய்கள் பிறந்ததும் சுருங்கினாலும், முழுதாக மூடச் சில நாள் எடுக்கும். அதில் ஒன்று ஈரல் பக்கம் போகிறது. ஆனால் அந்த வழியாக ஏறக்கூடியது வாயு அல்ல, கிருமி. எண்ணெய் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சாம்பல், மஞ்சள், விபூதி எதுவானாலும் டப்பாவில் கிடந்த தூசும் விரலில் இருந்த அழுக்கும் சேர்ந்தே போகும். கர்ப்பத்தில் போட்ட ஏற்பு ஊசி ஏற்புவலியிலிருந்து (டெட்டனஸ்) பிள்ளையைக் காக்கும். மற்றக் கிருமிகளுக்கு அது காவல் இல்லை.

அடுத்த பொறி ஃபார்மசிக் கவுண்டர். டாக்டரின் துண்டு இல்லாமலே ஸ்பிரிட்டும் அன்டிபயோட்டிக் பவுடரும் எடுத்துத் தருவார்கள். வாங்காதீர்கள். கொடி கழன்று விழுவதில் தோலில் இருக்கும் சாதாரணக் கிருமிகளுக்கும் உடம்பின் வெள்ளணுக்களுக்கும் பங்கு உண்டு. ஸ்பிரிட் அதைப் பிந்தச் செய்யும். பிந்தினால் நீங்கள் பயந்து இன்னொன்றை வாங்குவீர்கள், கடைக்காரருக்கு அது வியாபாரம். காசு வாங்கித் ‘தொப்புள் எண்ணெய்’ கொடுப்பவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

வெளிநாட்டு உறவினர் தொப்புளில் பூசும் ‘குளோர்ஹெக்சிடின்’ என்ற கிருமிநாசினி ஜெல் அனுப்பினால்? அது நல்ல மருந்துதான். நேபாளத்தில் நடந்து 2006 இல் வெளியான ஆய்வில், வீட்டில் பிறந்த பிள்ளைகளின் இறப்பை அது குறைத்தது. ஆனால் அது வீட்டுப் பிரசவமும் சிசு மரணமும் அதிகமான இடங்களுக்கு உரியது. நம் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள். ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் அதைக் கண் மருந்தென்று நினைத்துக் கண்ணில் விட்டுப் பிள்ளைகளின் கண் புண்ணாகியிருக்கிறது. அலுமாரியில்கூட வைக்காதீர்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். நாப்பியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். குளிப்பாட்டினால் ஒற்றித் துடைத்துக் காற்றுப்பட விடுங்கள். கிளிப்பை இழுக்காதீர்கள். விழும்போது ஓரிரு சொட்டு இரத்தம் வரலாம். தொப்புளைச் சுற்றிய தோல் சிவந்து பரவினாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, உடம்பு சுட்டாலோ குளிர்ந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

விழுந்த கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைக்க மாமி ஆசைப்பட்டால் அடைக்கட்டும், அதில் குற்றமில்லை. பிள்ளையின் கழுத்தில் மட்டும் கட்ட வேண்டாம்.

இவ்வளவையும் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருக்க வேண்டும். நெரிசல் வார்டில் “சுத்தமாக வைத்திருங்க” என்ற ஒரே வரியோடு அனுப்பினால், வீட்டில் கேட்கும் குரல் மாமியுடையதாகத்தான் இருக்கும். முதல் பத்து நாளுக்குள் குடும்பநல மாது வீட்டுக்கு வந்து தொப்புளைப் பார்க்க வேண்டும். இன்னும் வரவில்லை என்றால் உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கு இன்றே கோல் எடுத்துக் கேளுங்கள்.