கேலி கூலியை உயர்த்துமா?

ஏழ்மையிலும் அரசியல் ஒடுக்குமுறையிலும் அகப்பட்ட மக்கள் கேலியையும் அங்கதத்தையும் கைக்கொள்வதால் எதுவும் மாறுமா, அல்லது வலியைச் சற்று மறப்பதற்கு மட்டும்தான் அது உதவுகிறதா என்பது கேள்வி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில், நடவு நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில், காவிரிப் படுகையில் நான் கேட்டதையும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன். ஒரு கேலி எவ்வளவு தூரம் போகும் என்பது, அதன் கூர்மையைவிட, அது யாருக்குச் சொந்தம் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

படித்தவர்கள் முதலில் காளமேகப் புலவரைத்தான் நினைப்பார்கள். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் நடத்திய சத்திரத்தைப் பற்றி அவர் பாடியதாக வழங்கும் வெண்பாவில், பொழுது சாயும் நேரத்தில் அரிசி வந்து சேர்கிறது. அதைக் குத்தி உலையில் இடும்போது ஊர் உறங்கிவிடுகிறது. ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடுகிறது. பசியோடு காத்திருந்தவனின் ஓர் இரவு முழுவதும் நான்கே அடிகளில் அடங்கிவிட்டது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. காத்தான் வந்து பணிந்து வேண்டிக்கொள்ள, பஞ்ச காலத்திலும் இந்தச் சத்திரத்துக்கு அரிசி வரும், அதனால் ஊரின் பசி அடங்கும், சோற்றின் வெண்மைக்கு முன் வெள்ளியும் தோற்கும் என்று அதே பாட்டுக்குப் புலவரே புகழுரை சொல்லிக் கொடுத்தாராம். கதை உண்மையோ இல்லையோ, பாடியவர் யாரென்று தெரிந்தால் அவரைச் சமாதானப்படுத்தவும் வழி உண்டு என்பதை அது காட்டிவிடுகிறது.

நடவுப் பாட்டில் அந்த வசதி கிடையாது. முழங்கால் சேற்றில் குனிந்து நிற்கும் பெண்களில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அடுத்த வயலுக்குப் போகும்போது சொற்கள் மாறியிருக்கும். என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, சொன்ன பாட்டு ஒன்றில், வரப்பின் மேல் குடை பிடித்தபடி ஒரு கொக்கு நிற்கிறது. மீன் பிடிப்பது மடையான் என்னும் நீர்ப்பறவை, விழுங்குவது கொக்கு. பண்ணை வேலைகளை மேற்பார்வையிடும் காரியக்காரர் அந்த வேளையில் குடையோடு வரப்பில்தான் நின்றுகொண்டிருப்பார். அவர் கோபப்பட்டால், கொக்கு தான்தான் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். யார் பாடியது என்று அதட்டினால், குனிந்த தலைகளில் எது பதில் சொல்லும்? கூலி நெல்லைத் தலைதட்டி அளப்பதும் குத்தகை நெல்லைக் குவித்து அளப்பதும் வழக்கமாக இருந்த களத்துமேட்டைப் பற்றியும் இதே முறையில் பாடியிருக்கிறார்கள். நெல் அளக்கும் அந்த மரக்காலுக்கு வாங்கும்போது ஒரு வயிறு, கொடுக்கும்போது ஒரு வயிறு என்பார் அப்பாயி. வெளிப்படையாகப் பழிப்பது, மறைத்துப் பழிப்பது என அங்கதத்தைத் தொல்காப்பியம் இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டாவது வகை எதற்காக வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள உரையாசிரியர்களைப் புரட்ட வேண்டியதில்லை, சம்பா நடவு நடக்கும் வயலுக்குப் போனாலே போதும்.

மயிலாடுதுறைக்கு அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் கதையைக் கீர்த்தனைகளாகப் பாடியபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதிய மிராசுதாரைப் படைத்துச் சேர்த்தார். சிதம்பரம் போக அனுமதி கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த வேதியர். ஒரு வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர் என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பண்ணையாளுக்கு விடுப்புக் கிடைக்கத் தெய்வமே இறங்கி வந்து வயலை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது எனக்குக் கடுமையான அங்கதமாகவே படுகிறது. ஆனாலும் அற்புதம் நிகழ்ந்ததும் வேதியர் மனம் மாறிவிடுவதால், காலட்சேபம் கேட்க வந்த மிராசுதாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்ப முடிந்தது.

பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த நிலைமையைப் பாட்டு மாற்றவில்லை. 1940களில் பொதுவுடைமைத் தலைவர் பி.சீனிவாசராவும் அவருடைய தோழர்களும் கட்டிய விவசாயிகள் சங்கமும், அதன் பிறகு வந்த 1952ஆம் ஆண்டின் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமுமே மாற்றின. ஆனால் காரியக்காரரைக் கொக்கு என்று கூட்டாகப் பாடிப் பழகியவர்களுக்கு, அவர் முன்னால் கூட்டாக நிமிர்ந்து நிற்பது முற்றிலும் புதிய செயலாக இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன். இதற்குச் சான்று காட்ட முடியாது. அச்சம் எந்த நாளில் குறைந்தது என்று யாரும் பதிவேட்டில் எழுதி வைப்பதில்லை.

கேலியே எட்ட முடியாத இடமும் இந்த மண்ணில் உண்டு. கூலியாகக் கூடுதல் அரைப்படி நெல் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்த உயர் நீதிமன்றம், நிலமும் காரும் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் எழுதியது. அந்த வாதத்தைக் கிண்டல் செய்து நான் ஒரு சொல்கூடக் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அதை அப்படியே சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

பெயரோடு முன்னால் வந்து கேலி செய்பவர்களை அரசு எப்படி நடத்தும் என்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. நாடக மேடையை அடக்க ஆங்கிலேயர் 1876இல் சட்டம் போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1954இல் சென்னை மாநில அரசும் ஒன்று போட்டது, எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்து. 2015 அக்டோபர் இறுதியில், அரசு மதுக்கடைகளையும் ஆட்சியையும் சாடிப் பாடிய மேடைப் பாடகர் கோவன், தேசத்துரோகப் பிரிவின் கீழ் திருச்சியில் அவருடைய வீட்டிலிருந்தே கைது செய்யப்பட்டார். அந்தப் பாட்டு இருப்பதே கைதுக்குப் பிறகுதான் பலருக்குத் தெரிய வந்தது என்பது வேறு விஷயம்.

2017இன் வறட்சியில் நடந்ததைத்தான் என்னால் எளிதில் எடைபோட முடியவில்லை. விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில் டெல்லி ஜந்தர் மந்தரில் 41 நாள் உட்கார்ந்த தமிழக விவசாயிகள், மண்டையோடுகளை அணிந்தார்கள், எலியைப் பல்லில் கவ்வினார்கள், பாதித் தலையை மழித்துக்கொண்டார்கள், புடவை கட்டினார்கள். உடம்பையே அங்கதமாக்கிய அந்தப் போராட்டத்தை நாடே பார்த்தது. தமிழக அரசு கேட்ட வறட்சி நிவாரணம் 40,000 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மத்திய அரசு ஒதுக்கியது ஏறத்தாழ 1,748 கோடி. கூட்டுறவுக் கடனை எல்லா விவசாயிகளுக்கும் தள்ளுபடி செய்யச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவை, சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

கடன் தள்ளுபடி என்பதே நிலமும் பாஸ்புத்தகமும் உள்ளவரின் கோரிக்கை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் வராத ஆண்டில் நடவு வேலையே இல்லாமல் போன பெண்களுக்கு, தள்ளுபடி செய்வதற்குக் கூட்டுறவு வங்கியில் கடன் ஏதும் இல்லை. டெல்லிச் செய்தியாளர்களை உறைய வைத்த எலியோ, வயல் வேலை செய்வோர் எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் வளையிலிருந்து பிடித்துச் சமைக்கும் சாதாரணக் கறி. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் என் பக்கம் திரும்பி, “ஏன் தம்பி, நாங்க தலைமுறை தலைமுறையா தின்னுக்கிட்டு இருக்கோமே, எங்களுக்கு எந்த பேங்குல தள்ளுபடி பண்ணுவாங்க?” என்று கேட்டார்.