சீனா டூர்: முட்டி வலி, சைவச் சாப்பாடு, பட்டு ரஜாய்

எங்களுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, பிள்ளைகள் சீனாவுக்கு குரூப் டூர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பெய்ஜிங், ஷியான், ஷாங்காய். அவருக்கு முட்டி வலி. பெருஞ்சுவர் ஏற முடியுமா அக்கா?
– வாசகி, திருவாரூர்

பெருஞ்சுவரில் எந்த இடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று டூர்க்காரரிடம் முதலில் கேளுங்கள். பாதாலிங், முதியான்யூ என்றால் கேபிள் கார் உண்டு. சூயோங்குவான் என்றால் அடிவாரத்திலிருந்தே செங்குத்துப் படி. அதுவும் சீரான படி இல்லை. ஒன்று நாலு விரல் உயரம், அடுத்தது முட்டி உயரம். ஏறுவதைவிட இறங்குவதுதான் உயிரை வாங்கும். எங்கள் வீட்டுக்காரர் முதல் காவல் கோபுரத்து நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் மேலே போய்வந்தேன். புருஷன் பெண்டாட்டி ஒட்டிக்கொண்டேதான் ஊர் பார்க்க வேண்டும் என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? யாருக்கு எது முடிகிறதோ அதைப் பார்க்கட்டும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் சந்திப்பது என்று மட்டும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் முட்டியைப் பதம் பார்ப்பது சுவர் இல்லை, பெய்ஜிங் நடுவில் இருக்கும் சக்கரவர்த்திகளின் அரண்மனை, 'தடைசெய்யப்பட்ட நகரம்' என்பார்களே அது. தியானன்மென் சதுக்கத்தில் சோதனை வரிசையில் நின்று, தெற்கு வாசலில் நுழைந்தால் பெரும்பாலும் வடக்கு வாசல் வழியாகத்தான் வெளியே கூட்டிவருவார்கள். பஸ்ஸும் அந்தப் பக்கம்தான் வந்து ஏற்றிக்கொள்ளும். உள்ளே நேராக நடந்தாலே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முன்பக்க முற்றங்களில் மருந்துக்குக்கூட மரம் கிடையாது. வடகோடித் தோட்டத்துக்குப் போனால்தான் நிழல். கைடு கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் பறப்பார். 1420-ல் கட்டி முடித்தது, 24 சக்கரவர்த்திகள் இருந்தது, கடைசி ஆளான பூயியை 1924-ல் வெளியேற்றியது எல்லாவற்றையும் காதில் மாட்டிய கருவி சொல்லிக்கொண்டே வரும், நடந்தபடி கேட்டுக்கொள்ளலாம்.

நின்று பார்க்க வேண்டியவை அங்கே இருக்கும் அண்டாக்கள். நிஜமாகவே அண்டாதான், ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கிற அளவுக்கு. மரக் கட்டடங்கள் தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தவை. குளிர்காலத்தில் தண்ணீர் உறையாமலிருக்க அடியில் நெருப்பு மூட்டுவார்களாம். பொன்முலாம் பூசியவற்றைக் கிட்டே போய்ப் பாருங்கள், வரிவரியாகச் சுரண்டிய தழும்பு தெரியும். 1900-ல் பெய்ஜிங்கைப் பிடித்த வெளிநாட்டுப் படைகளின் கைவரிசை என்கிறார்கள். அந்தப் படையில் ஆங்கிலேயர் கூட்டிப்போன இந்தியச் சிப்பாய்களும் உண்டு. சிம்மாசனத்தை எட்டிப் பார்க்க முண்டியடிக்கும் கூட்டம் இந்த அண்டாக்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஷியானில் சுடுமண் வீரர்களைப் பார்க்க ஏற்றம் ஏதுமில்லை, நடைதான். சீனாவின் முதல் சக்கரவர்த்தியின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்து, 1974-ல் விவசாயிகள் கிணறு தோண்டும்போது கிடைத்த சேனை. முதல் குழியின் முன்பக்கம் செல்ஃபி எடுப்பவர்கள் விலக மாட்டார்கள். ஓரமாகவே நடந்து பின்பக்கம் போய்விடுங்கள். தலையில்லாமலும் கையில்லாமலும் ஒட்டவைக்கக் காத்திருக்கும் வீரர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். இரண்டாம் குழிக் கூடத்தில் மண்டியிட்ட வில்வீரன் ஒருவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். பின்னால் போய் அவன் காலணியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். ஊசித் தையல் ஒவ்வொன்றையும் மண்ணில் செதுக்கியிருக்கிறார்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டி வருமா?
– வாசகர், கும்பகோணம்

சென்னையிலிருந்து கூட்டிப்போகிறவர்கள் ராத்திரிக்கு இந்திய ஹோட்டலில் ஏற்பாடு செய்துவிடுவார்கள். மத்தியானம்தான் சிக்கல். சுழலும் கண்ணாடித் தட்டு வைத்த வட்ட மேஜையில் பத்துப் பேரை உட்கார வைப்பார்கள். முட்டைக்கோஸ், பீன்ஸ், டோஃபு, சோறு வரும். இறைச்சி கண்ணில் படாவிட்டாலும் பன்றிக் கொழுப்பிலோ சிப்பிச் சாறு சேர்த்தோ வதக்கியிருக்கலாம், கைடை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். புத்த மடத்து முறையில் சமைக்கும் சைவக் கடை அருகில் இருந்தால் தயங்காமல் போகலாம், அங்கே வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. பருப்புப் பொடியும் ஃபிளாஸ்கும் எடுத்துப்போங்கள். ரயில் நிலையம், புல்லட் ரயில் என எங்கேயும் வெந்நீர்க் குழாய் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் சீனாக்காரர்கள் நம் வீட்டுப் பாட்டிகள் மாதிரி, பச்சைத் தண்ணீர் என்றாலே முகம் சுளிப்பார்கள்.

ஊரைக் காட்டாமல் கடைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று போய்வந்தவர்கள் புலம்புகிறார்களே?
– வாசகி, சேலம்

புலம்பல் நியாயமானதுதான். ஜேட் என்கிற பச்சைக்கல், பட்டு, தேயிலை என்று நிறுத்திக்கொண்டே போவார்கள். கட்டாயப்படுத்திக் கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று 2013-ல் அங்கே சட்டமே வந்தது. கட்டாயமில்லை என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போகிறார்கள். கிளம்பும் முன் பயணத் திட்டத்தை எழுத்தில் வாங்கி, கடைகளை எண்ணிப் பாருங்கள். டூர் சல்லிசாக இருந்தால் கடை அதிகமாக இருக்கும்.

பட்டு ஆலையை மட்டும் தவறவிடாதீர்கள். இரண்டு புழு சேர்ந்து கட்டிய கூட்டில் நூல் பின்னிக்கிடப்பதால் இழை பிரிக்க வராது. அதைத் தண்ணீரில் விரித்து, காயவைத்து, ஆளுக்கொரு மூலையாக நாலு பேர் பிடித்து இழுக்கிறார்கள். உள்ளங்கையளவு பஞ்சு, கட்டில் அகலத்துக்கு மெல்லிய ஏடாக விரிகிறது. அப்படி அடுக்கடுக்காகப் போட்டால் ரஜாய். என்னையும் ஒரு மூலையைப் பிடிக்கச் சொன்னார்கள், வழுக்கிக்கொண்டு போனது. வாங்கவில்லை. அதைப் போர்த்திக்கொள்ள அப்புறம் ஊட்டியில் ஒரு வீடும் வாங்க வேண்டும்!

வாட்ஸ்அப் வேலை செய்யுமா?
– வாசகர், ஓசூர்

அங்கே அதைத் தடுத்து வைத்திருப்பதால் ஹோட்டல் வைஃபையில் செய்யாது. இந்திய சிம்மில் ரோமிங் போட்டுப் போனால் பெரும்பாலும் செய்யும். பணம் கட்ட உதவும் அலிபே செயலியில் கார்டைச் சேர்த்துவிட்டுக் கிளம்புங்கள், தள்ளுவண்டியில்கூட க்யூஆர் அட்டைதான். பாஸ்போர்ட் இடுப்பிலேயே இருக்கட்டும். ரயிலேறவும் அரண்மனைக்குள் போகவும் அதைத்தான் காட்ட வேண்டும்.

சீனாவில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறதாமே, டூரில் காட்டுவார்களா?
– வாசகர், நாகப்பட்டினம்

இருக்கிறது, காட்ட மாட்டார்கள். தென்கிழக்கே ஃபுஜியான் மாகாணத்தில் சுவான்சோ என்ற துறைமுக ஊரில் கிடைத்தது. குப்லாய் கான் ஆண்ட 1281-ல், நம் வணிகர்கள் அங்கே எழுப்பிய சிவன் கோயிலைச் சேர்ந்தது. கோயில் இப்போது இல்லை. அதன் சிற்பங்கள் அந்த ஊர்க் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கையுவான் புத்தர் கோயிலில் பெரிய மண்டபத்தின் பின்பக்கத் தூண்களில் கிருஷ்ணரும் நரசிம்மரும் இருக்கிறார்கள். பெய்ஜிங், ஷாங்காய் டூர் எதுவும் அந்தத் திசைக்கே போகாது. சியாமென் வரை விமானத்தில் போனால், அங்கிருந்து புல்லட் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சுவான்சோ. தனியாகத்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.