அண்டர்டேல் வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

2015 செப்டம்பர் 15 அன்று வெளியான கேம் அண்டர்டேல். பத்து வருடங்களுக்கு மேல் ஆன பிறகும் இதை வாங்குவது பற்றிய கேள்விகள் நிற்கவில்லை. அதனால் இந்தத் தடவை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: கதை எங்கே திரும்புகிறது, யார் என்ன ஆகிறார்கள் என்பது எதுவும் இங்கே வராது. பயப்படாமல் படிக்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பிறந்தநாளுக்கு அண்டர்டேல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். படங்களைப் பார்த்தேன். நான் சின்ன வயதில் டிவியில் கேசட் செருகி விளையாடிய கேம் மாதிரியே இருக்கிறது. இவ்வளவு பழைய பாணியில் இருப்பதற்குக் காசு கொடுப்பது சரியா?

தாராளமாகக் கொடுக்கலாம். பழசாகத் தெரிவது குறையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று செய்தது. இதை உருவாக்கிய டோபி ஃபாக்ஸுக்கு 1990களில் வந்த எர்த்பவுண்ட் என்ற ஜப்பானிய ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் போய் விளையாடும் கேம் வகை) மேல் தீராத பிரியம். 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 5,000 டாலர் போதும் என்று கேட்டார். 2,398 பேர் சேர்ந்து 51,124 டாலர் கொடுத்தார்கள். கதை, இசை, நிரல் எல்லாம் பெரும்பாலும் அவர் ஒருவருடைய வேலை. ஓவியங்களில் டெம்மி சாங்கின் கை நிறைய இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் காசு இப்படிப்பட்ட ஒரு சின்னக் குழுவுக்குப் போகிறது.

படத்தைப் பார்த்து இந்த கேமை எடை போட முடியாது. ஆரம்பத்திலேயே வரும் ஒரு சண்டையைச் சொல்கிறேன், இதில் கெட்டுப்போக ரகசியம் எதுவும் இல்லை. ஒரு தவளை எதிரே வருகிறது. திரை கறுப்பாகிறது. அடியில் நான்கு பொத்தான்கள்: ஃபைட், ஆக்ட், ஐட்டம், மெர்சி. வழக்கமான ஆர்பிஜி என்றால் ஃபைட்டை அழுத்தி, தவளையை அடித்துவிட்டுப் புள்ளிகளை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்போம். இங்கே ஆக்டுக்குள் போனால் தவளையைப் பாராட்டலாம். நீ சொன்னது தவளைக்குப் புரியவில்லை, ஆனாலும் அதற்குப் பெருமையாக இருக்கிறது என்று ஒரு வரி வரும். பிறகு தவளையின் முறை. ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் தோன்றும், அதற்குள் ஒரு சிவப்பு இதயம். அந்த இதயம்தான் நீங்கள். ஈக்கள் பறந்து வரும், அம்புக்குறி விசைகளை வைத்து விலகி விலகித் தப்பிக்க வேண்டும். அது முடிந்ததும் தவளையின் பெயர் மஞ்சளாக மாறும். இனி மெர்சியை அழுத்தினால் அதை விட்டுவிடலாம். கொஞ்சம் தங்கம் கிடைக்கும், அனுபவப் புள்ளி கிடைக்காது. தவளை உயிரோடு போகும்.

இப்படியே ஒரு உயிரையும் கொல்லாமல் கேமைக் கடைசி வரை முடிக்கலாம். அதனால் உங்கள் ஆள் பலசாலி ஆக மாட்டார். கடைசி வரை சண்டைகளில் கஷ்டப்பட்டுத்தான் விலக வேண்டியிருக்கும். கொல்லவும் செய்யலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் செய்ததை இந்த கேம் ஞாபகம் வைத்திருக்கும். இது இவ்வளவு பேரின் மனதில் உட்கார்ந்ததற்கு அந்த ஞாபகம்தான் காரணம் என்பது என் எண்ணம். ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தங்கள் முதல் ஆட்டத்தில் யாரை அடித்தோம், யாரை விட்டோம் என்பதைத்தான் சொல்வார்கள். ஆண்டுகள் போனாலும் மறப்பதில்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கேமோடு சேர்த்து வழிகாட்டிப் புத்தகம், ஓவியப் புத்தகம் என்று எதையும் இப்போது வாங்கித் தராதீர்கள். அவற்றையெல்லாம் அடுத்த பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். நண்பர்கள் பேச்சில் சில விஷயங்கள் ஏற்கனவே அவள் காதில் விழுந்திருக்கும், பரவாயில்லை. மிச்சத்தையாவது அவளே கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம் வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை. இந்த கேம் அதிகாரபூர்வமாக ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் மட்டும்தான் இருக்கிறது. பாத்திரங்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை, எல்லாமே எழுத்து. ஆங்கிலம் சரளமாகப் படிக்க வந்தால்தான் நகைச்சுவை பிடிபடும். ஒரு தடவை விளையாடி முடிக்க ஆறு, ஏழு மணி நேரம் ஆகலாம். பார்க்கக் குழந்தைத்தனமாக இருந்தாலும் மரணம், குற்றவுணர்வு எல்லாம் கதையில் உண்டு. வாங்கும் பக்கத்திலேயே வயது மதிப்பீடு போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 14 வயதுப் பெண்ணுக்கு நான் யோசிக்காமல் வாங்கித் தருவேன்.

கேள்வி: என்னிடம் ரொம்பப் பழைய லேப்டாப் ஒன்றும், நிண்டெண்டோ ஸ்விட்ச் ஒன்றும் இருக்கின்றன. எதில் வாங்குவது? கன்சோலில் கூடுதல் காட்சிகள் இருப்பதாகச் சொல்கிறார்களே?

பழைய லேப்டாப் போதும். விண்டோஸ் பதிப்புக்கு 2 ஜிபி ராம், 200 எம்பி இடம் என்றுதான் கேட்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டு பற்றிக் கவலையே வேண்டாம்.

கூடுதல் காட்சிகள் இருப்பது உண்மை. 2017இல் வந்த பிளேஸ்டேஷன் பதிப்பிலும், 2018இல் வந்த ஸ்விட்ச் பதிப்பிலும், 2021இல் வந்த எக்ஸ்பாக்ஸ் பதிப்பிலும் அந்தந்த இயந்திரத்துக்கென்று சின்னச் சின்னச் சேர்க்கைகள் உண்டு. ஸ்விட்சில் மட்டும் ஒரு தனிச் சண்டையே இருக்கிறது. ஆனால் அதெல்லாம் ஏற்கனவே முடித்தவர்களுக்கான பரிசு. கதை எங்கே விளையாடினாலும் ஒன்றுதான். ஒரு அங்குலம் பிசகினாலும் அடி விழும் சண்டைகள் இதில் நிறைய. அதனால் கை எதற்குப் பழகியிருக்கிறதோ, அதில் வாங்குங்கள். படுத்துக்கொண்டு விளையாடும் பழக்கம் இருந்தால் ஸ்விட்ச். மற்றபடி கணினிக்கே என் ஓட்டு. ஜிஓஜி என்ற இணையக் கடையில் வாங்கினால் நகல் பூட்டு இல்லாத கோப்பு கிடைக்கும், பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டிலும் வாங்க நினைக்க வேண்டாம். ஒன்றில் சேமித்த ஆட்டம் இன்னொன்றில் தொடராது.

கேள்வி: போனில் விளையாட ஆப் இருக்கிறதா? தேடினால் நிறைய வருகிறது.

அதிகாரபூர்வமான அண்டர்டேல் ஆண்ட்ராய்டிலும் இல்லை, ஐபோனிலும் இல்லை. நீங்கள் பார்த்தவை ரசிகர்கள் செய்தவையாகவோ, பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டவையாகவோ இருக்கும். காசு கேட்டாலோ, போனின் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டாலோ உடனே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: எல்லோரும் ஆகா ஓகோ என்றார்களே என்று ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினேன். 40 நிமிடம் விளையாடியதில் ஒன்றும் புரியவில்லை, அலுப்பாக இருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேட்கலாம். வாங்கி 14 நாட்களுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். பிடிக்கவில்லை என்று சொன்னாலே போதும், வேறு காரணம் தேவையில்லை. வேறு தளத்தில் வாங்கியவர்கள் அந்தத் தளத்தின் விதியைப் படித்துப் பாருங்கள். கன்சோல் கடைகள் சிலவற்றில் டவுன்லோட் ஆரம்பித்துவிட்டாலே திரும்பக் கேட்பது கஷ்டம்.

உங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருக்கிறது. 40 நிமிடம் என்றால் அநேகமாக முதல் பகுதியான இடிபாடுகளுக்குள்தான் இருப்பீர்கள். அதன் கடைசிக் கதவு வரை போய்ப் பாருங்கள். அங்கே நடப்பது உங்களை அசைக்கவில்லை என்றால் இந்த கேம் உங்களுக்கானது இல்லை, தயங்காமல் பணத்தைக் கேளுங்கள். மற்றவர்கள் புகழ்ந்தார்கள் என்பதற்காகப் பிடிக்காததை வைத்துக்கொண்டு முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கணினியில் கேமைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் அந்த நேரமும் கணக்கில் சேரும், கவனம்.

கேள்வி: ஸ்டீம் கோடுகளை (கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடுகளை) பாதி விலைக்கு விற்கும் தளங்கள் இருக்கின்றனவே, அங்கே வாங்கினால் என்ன?

வேண்டாம். தனி ஆட்கள் கோடு விற்கும் சந்தைகளில், திருடிய கார்டில் வாங்கிய கோடுகளும் கலந்து வருகின்றன. பின்னால் அது தெரியவந்தால் கோடு ரத்தாகும், கேம் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். கேமைச் செய்தவருக்கும் ஒரு காசு போய்ச் சேராது. ஸ்டீமின் கோடைக்காலத் தள்ளுபடி, குளிர்காலத் தள்ளுபடி போன்ற சமயங்களில் இது விலை இறங்கி வரும். கேமை விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டால் மின்னஞ்சல் வந்து சேரும்.

கேள்வி: அண்டர்டேலில் வரும் எலும்புக்கூடு சான்ஸின் பொம்மை வாங்க ஆசை. ஒரே பொம்மை ஒரு தளத்தில் ஒரு விலை, இன்னொன்றில் அதில் கால்வாசி. எதை நம்புவது?

இதில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. விலை குறைவு என்று, பெயர் தெரியாத ஒரு விற்பனையாளரிடம் சான்ஸ் பொம்மை வாங்கினேன். படத்தில் இருந்தது அழகான நீலச் சட்டை, முகம் முழுக்க அந்தச் சிரிப்பு. வந்ததோ வேறு. சிரிப்பு தையல் இல்லை, வெறும் அச்சு. ஒரே வாரத்தில் உரிய ஆரம்பித்தது. முதுகுத் தையல் பிரிந்து பஞ்சு வெளியே வந்தது. புகார் கொடுத்தால், அவர்கள் செலவில் இல்லாமல் என் செலவில் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பும் செலவு பொம்மையின் விலையைத் தாண்டியது. பின்னால்தான் கவனித்தேன், விளம்பரத்தில் போட்டிருந்த படம் ஃபேன்கேமரின் படம்.

ஃபேன்கேமர்தான் அண்டர்டேல் பொருட்களை உரிமத்தோடு தயாரித்து விற்பவர்கள். பொம்மை, சட்டை, ஓவியப் புத்தகம் எல்லாம் அங்கே உண்டு. அங்கிருந்து வெளிநாட்டுக்கு வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேரும். பணம் கட்டும் முன் மொத்தத் தொகையைப் பார்த்துவிடுங்கள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் செலவு நன்றாகக் குறையும்.

மற்ற கடைகளில் வாங்குவதானால் விற்பனையாளரின் சொந்தக் கேமராவில் எடுத்த படத்தைக் கேளுங்கள். தையலின் நெருக்கப்படம், முதுகுப் பக்கம், துணியில் தைத்த சீட்டு, இந்த மூன்றும் வேண்டும். அனுப்பத் தயங்கினால் அங்கே வாங்காதீர்கள்.

கையால் பின்னிய பொம்மை, வரைந்த அட்டை என்று ரசிகர்களே செய்து விற்பவையும் இருக்கின்றன. அவற்றை நான் போலியோடு சேர்க்க மாட்டேன், செய்தவர் தன் வேலை என்று வெளிப்படையாகச் சொல்லும் வரை. அந்தப் பின்னலில் இருக்கும் பிரியம் கையில் எடுத்தாலே தெரியும்.

கேள்வி: சேகரிப்பாளர் பதிப்பு ஒன்று இரண்டாம் கைக்கு வருகிறது. வாங்கலாமா?

பெட்டிக்குள் என்னவெல்லாம் இருந்தன என்ற பட்டியலை முதலில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படம் கேளுங்கள். இசைக்கும் லாக்கெட் இருந்தால் அது இசைப்பதை வீடியோவாகக் கேளுங்கள், தொலைவதும் பழுதாவதும் அதுதான். டவுன்லோட் கோடு எதுவும் இருந்தால் அது பயன்படுத்தப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

கேள்வி: பாடல்களைத் தனியாக வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா? கேமிலேயே கேட்டுக்கொள்ளலாமே?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. ஆல்பத்தில் 101 தடங்கள். ஸ்டீமிலும் பேண்ட்கேம்ப் என்ற இசை விற்கும் தளத்திலும் கிடைக்கிறது. ஐயம்8பிட் என்ற நிறுவனம் வெளியிட்ட வினைல் தட்டும் உண்டு.

வாங்குங்கள், ஆனால் கேமை முடித்த பிறகு. ஆரம்பத்தில் ஓர் அறையில் மெதுவாகக் கேட்ட நாலு சுரம், பல மணி நேரம் கழித்து முற்றிலும் வேறு வேகத்தில், வேறு ஒருவருடைய சண்டையில் திரும்ப வரும். முதல் தடவை அது காதில் விழுந்து ‘அட, இது அதுதானே’ என்று புரியும் நொடி இருக்கிறதே, அதற்காகவே இந்த கேமை விளையாடலாம். ஆல்பத்தை முன்பே கேட்டுவிட்டால் அந்த நொடி போய்விடும். முடித்தவர்களுக்கு மறுபடி கேட்கக் கேட்கப் புதிது புதிதாக ஒட்டுறவுகள் தெரியும். நான் வேலை செய்யும்போது ஓடுவது பெரும்பாலும் இந்த ஆல்பம்தான்.

இணையத்தில் எங்கே பார்த்தாலும் ஒலிக்கும் மெகலோவேனியா என்ற இசை இந்த கேமுக்காகவே எழுதியது இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 2008இல் டோபி ஃபாக்ஸ் எர்த்பவுண்டை மாற்றிச் செய்த ஒரு ரசிகர் கேமில்தான் அது முதலில் வந்தது.

கேள்வி: டோபி ஃபாக்ஸின் அடுத்த கேமான டெல்டாரூன் இன்னும் முடியவில்லையாமே. முடியாத கேமுக்கு முழுப் பணம் கட்டலாமா? அதற்கு முன் அண்டர்டேல் விளையாட வேண்டுமா?

முதல் அத்தியாயம் 2018 அக்டோபர் 31 அன்றும், இரண்டாவது 2021 செப்டம்பர் 17 அன்றும் இலவசமாக வந்தன. மூன்றும் நான்கும் 2025 ஜூன் 4 அன்று வந்தபோதுதான் முதன்முறையாக விலை வைத்தார்கள். மொத்தம் ஏழு அத்தியாயங்கள் திட்டம். ஒரு தடவை வாங்கியவர்களுக்கு மிச்ச அத்தியாயங்கள் தனிக் கட்டணம் இல்லாமல் வந்து சேரும்.

பொதுவாக, முடியாத கேமுக்கு முன்பணம் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதில் மட்டும் அந்தக் கண்டிப்பு தேவைப்படவில்லை. முதல் இரண்டு அத்தியாயங்களும் இலவச டெமோவாக இருப்பதால் ஒரு காசு செலவில்லாமல் மணிக்கணக்கில் விளையாடிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். டெமோவில் சேமித்த ஆட்டத்தை முழு கேமில் தொடரவும் முடியும். இதுவரை வந்திருக்கும் அத்தியாயங்கள் கொடுக்கும் பணத்துக்குத் தகும் என்று தோன்றினால் வாங்குங்கள். முடிவு தெரியாமல் காத்திருப்பது பிடிக்காதவர் என்றால் ஏழும் வரட்டும், கேம் எங்கேயும் ஓடிவிடாது.

கதை தனிக் கதைதான், ஆனாலும் அண்டர்டேலை முதலில் முடியுங்கள். தெரிந்த முகங்கள் அங்கே வருவார்கள். அவர்களை முன்பே பழகியவர்களுக்கு அந்தச் சந்திப்பு வேறு மாதிரி இருக்கும்.