மூன்று பிரஷர் மாத்திரை போட்டும் இறங்கவில்லை, அம்மாவுக்குப் பொட்டாசியம் 2.9, இளநீர் கொடுத்தால் சரியாகிவிடுமா?

இளநீரோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

அண்ணன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டை கொண்டுவருபவர். 38 வயதிலேயே பிரஷர். ராத்திரி நாலைந்து தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பார், சர்க்கரையோ என்று பார்த்தோம், இல்லை. ஒருநாள் விடியற்காலை மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை, தொடை இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, விரல்கள் மரத்துக் கோணிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் பார்த்தால் பொட்டாசியம் 2.3, ரொம்பக் குறைவு. டிரிப்ஸ் ஏற்றி, சிரப் எழுதி, இளநீரும் வாழைப்பழமும் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள். ஒன்றரை வருஷத்தில் மூன்று முறை இதேதான். நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று வீட்டில் அவரைத்தான் திட்டினோம், அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

மூன்றாவது முறை ஒரு டாக்டர் ரிப்போர்ட்டில் பைகார்பனேட், அதாவது ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் காரப்பொருள், அந்த வரியைப் பார்த்தார். 22 முதல் 28 வரை இருக்கவேண்டியது 34 இருந்தது. பேதியில் பொட்டாசியம் போனால் பைகார்பனேட்டும் கூடவே குறையும், இவருக்கு ஏறியிருக்கிறது, பிரஷரும் இருக்கிறது, சிறுநீரை அதிகமாக்கிப் பொட்டாசியத்தையும் கூடவே வெளியேற்றக்கூடிய நீர் மாத்திரையும் சாப்பிடவில்லை, அப்படியானால் அட்ரினல் சுரப்பியைப் பார்க்கணும் என்றார்.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் உட்கார்ந்திருக்கிற சின்னச் சுரப்பி அது, சில கிராம்தான் எடை. அதில் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன், உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தையும் அமிலத்தையும் சிறுநீரில் தள்ளச் சொல்கிறது. அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் உப்பு தங்கிப் பிரஷர் ஏறும், பொட்டாசியம் போய்த் தசை தளரும், அமிலம் போய் ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாயும், விரல் மரத்துக் கோணுவதில் அதற்கும் பங்கு உண்டு. இந்த நிலையில் எத்தனை இளநீர் குடித்தாலும் சிறுநீரில்தான் போகும். ஊறுகாய், கருவாடு என்று உப்பு கூடினால் இன்னும் வேகமாகப் போகும். 1955-இல் இதை முதலில் விவரித்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெரோம் கான், அவர் பார்த்த 34 வயதுப் பெண்ணுக்கும் இதே தளர்ச்சி, இதே பிரஷர்.

டெஸ்ட் கஷ்டமானதில்லை, ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனும், அதைச் சுரக்கத் தூண்டுகிற, சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனினும் பார்ப்பார்கள். ஆனால் பொட்டாசியத்தைச் சரிக்கட்டிய பிறகு எடுக்கவேண்டும், அது குறைவாக இருக்கும்போது ஆல்டோஸ்டிரோனும் குறைந்து, நோய் இல்லாத மாதிரி காட்டிவிடலாம். ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் முடிவைக் குழப்பும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம் 2.9 என்பது இதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடிய அளவு, ஈசிஜி எடுக்கவில்லை என்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அண்ணனுக்கு இடது பக்கம் 1.5 சென்டிமீட்டர் கட்டி. லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். இப்போது ஒரே ஒரு பிரஷர் மாத்திரை, பொட்டாசியம் சிரப் கிடையாது. இரண்டு பக்கமும் சுரப்பு கூடியிருந்தால் பொதுவாக ஆபரேஷன் இல்லை, மாத்திரைதான்.

அம்மா இருமலுக்கு அதிமதுரம் தினமும் சாப்பிடுகிறார்களா? கட்டாயம் கேளுங்கள். நாட்டு மருந்துதானே என்று யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, ஆனால் அதிகமாகச் சாப்பிட்டால் இதே பிரஷர், இதே பொட்டாசியக் குறைவு வரும், டெஸ்டில் மட்டும் ஆல்டோஸ்டிரோன் குறைவாக இருக்கும்.

எங்கள் தெருப் பெரியம்மா ஒருவருக்கு நேர் எதிர். காசநோய் வந்து போனவர், அது அட்ரினலையும் அரித்துவிட்டது, அடிசன் நோய் என்றார்கள். உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்து, பிரஷர் இறங்கி, நீராகாரத்தில் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக் குடிப்பார். பொட்டாசியம் 6.2, பைகார்பனேட் 17. களைப்பாக இருக்கிறாரே என்று நாங்கள்தான் தினமும் இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அதைக் கொடுக்கவே கூடாதாம்.

அம்மாவின் ரிப்போர்ட்டில் பைகார்பனேட் எவ்வளவு, அந்த மூன்றில் நீர் மாத்திரை இருக்கிறதா, இரண்டையும் பார்த்து எழுதுங்கள்.