தனுஷ்கோடி ரயில் நிலையம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் இடிபாடுகளை அண்மையில் பார்த்தேன். அந்த மணல்திட்டில் எதற்காக ஒரு நிலையம்? 1964 புயலுக்குப் பின் அதைத் திரும்பக் கட்டாததற்கு அச்சமே காரணம் என்று வழிகாட்டி சொன்னார். சரிதானா?

க.

அன்புள்ள க.,

அச்சம்தான் காரணம் என்றால் பாம்பன் பாலத்தையும் அல்லவா கைவிட்டிருப்பார்கள்? அதே புயலில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்) கடலில் விழுந்தன. அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் அதைச் சீரமைத்துவிட்டார்கள்.

தனுஷ்கோடி நிலையம் ஊருக்காக அல்ல, கப்பலுக்காகக் கட்டப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும்வரை கொழும்பு செல்பவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். அதன் பிறகு, சென்னையில் ஒரே டிக்கெட் எடுத்து, கப்பலோடு இணைந்து ஓடிய போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வந்து, துறையில் நின்ற நீராவிக் கப்பலில் சுமார் 35 கிலோமீட்டர் கடந்து, இலங்கைக் கரையான தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சேர முடிந்தது. பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று ராமேஸ்வரத்துக்கும் மற்றொன்று தனுஷ்கோடிக்கும் போனதால், கப்பல் பயணிகள் ராமேஸ்வரத்தைத் தொடவே வேண்டியதில்லை. (கோயிலைப் பார்க்காமலே அந்தத் தீவைக் கடந்து போனவர்கள் எத்தனையோ பேர்!)

அங்கே எஞ்சியிருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கவனித்திருப்பீர்கள். உப்புநீர் எஞ்சினின் கொதிகலனைக் கெடுத்துவிடும் என்பதால், இருபுறமும் கடல் சூழ்ந்த அந்த முனையிலும் நீராவி எஞ்சினுக்கு நன்னீர் சேமித்தாக வேண்டியிருந்தது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது பயணிகளோடு கடலில் மூழ்கியது. இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நிலையத்தின் கதையில் அதற்கு அடுத்து நடந்ததே முக்கியம்: ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது, கப்பல் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறி, இலங்கையில் இனப்போர் மூண்ட 1980களில் நின்றுபோகும்வரை அங்கிருந்தே நடந்தது. ஏறவும் இறங்கவும் ஆளில்லாத முனைக்குத் தண்டவாளம் போட ரயில்வேக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை.

2019 மார்ச்சில் ராமேஸ்வரம்–தனுஷ்கோடி இடையே சுமார் 17 கிலோமீட்டர் புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள்; பணி நடக்கவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. தலைமன்னாருக்குக் கப்பல் இல்லாதபோது அந்த ரயில் சுற்றுலாப் பயணிகளை மட்டுமே ஏற்றிச் செல்லும். அவர்களுக்கோ தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை 2017 முதலே சாலை இருக்கிறது.