நாமக்கோழியை எத்தனை நாள் எழுதுவது?

அன்புள்ள சார்,

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். வீடு கொளத்தூர். ஏரிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, நான்கு மாதமாக வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், வேலை முடிந்ததும் நேராக ரெட்டேரிக் கரைக்குப் போய் அரை மணி நேரம் நின்று பார்க்கிறேன். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுகிறேன். இதுவரை 41 வகைப் பறவை. ஆனால் இரண்டு மாதமாகப் புதிதாக எதுவும் சேரவில்லை. அதே நாமக்கோழி, அதே மடையான், அதே நீர்க்காகம். போன ஞாயிற்றுக்கிழமை பெரிய லென்ஸோடு ஒருவர் வந்து, "ஸ்பெஷலா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு என் நோட்டில் 19 வகை இருந்தது.

என் மொபைலில் பறவைப் படம் எடுபடாது. பூச்சியையாவது எடுக்கலாம் என்றால் அந்த நேரத்தில் ஒரு தும்பிகூடப் பறப்பதில்லை, பெயரும் தெரியாது. நாமக்கோழியையே எத்தனை நாள் எழுதுவது? இதனால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

கே.,
கொளத்தூர்

அன்புள்ள கே.,

முதலில் என் பழைய நோட்டுகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1990களில் நாங்கள் மாதவரம் பால்பண்ணைப் பக்கம் குடியிருந்தோம். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாதவரம் ஏரி, மணலி ஏரி என்று சுற்றுவேன். அந்தக் காலத்து நோட்டுகள் ஆறு இன்னும் கைவசம் இருக்கின்றன. அரிவாள் மூக்கனை முதன்முதலில் பார்த்த தேதியும் நேரமும் அதில் உண்டு. பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைத்த பட்டமரத்துக்குப் படம்கூட வரைந்து வைத்திருக்கிறேன். ஆறு நோட்டையும் புரட்டினாலும் சிட்டுக்குருவி என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் கிடைக்காது. எங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்கு மேலேயே கூடு கட்டியிருந்தது. அம்மா அரிசி புடைத்தால் முறத்துக்கு ஒரு சாண் தள்ளி வந்து உட்காரும். அதைப் போய் யாராவது எழுதுவார்களா என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு ஒருவர் வந்து, "அப்போ உங்க தெருவில் எத்தனை குருவி இருந்தது?" என்று கேட்டால், "நிறைய" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. நிறைய என்பது கணக்கில் சேராது.

அந்தக் கணக்கை வேறு ஆட்கள்தான் போட்டார்கள். 2020இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வந்தது. சுமார் 15,500 பேர், பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதியும் இ-பேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்றியிருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 867 வகைகளை அலசியிருந்தார்கள். செல்போன் டவரால் குருவி இனமே அழிந்துவிட்டது என்று நாம் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தோம். நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்று அந்த அறிக்கை சொன்னது. காகத்தையும் மைனாவையும் சலிக்காமல் எழுதிய ஆட்கள் இல்லையென்றால் அந்த ஒரு வரியை யாராலும் எழுதியிருக்க முடியாது.

ஆகவே நாமக்கோழியை எழுதுங்கள். ஆனால் "பார்த்தேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை என்று எழுதுங்கள். நாமக்கோழி ஆண்டு முழுக்க இங்கே இருக்கும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவையும் வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டு மாதமாக ஒன்றும் மாறவில்லை என்கிறீர்கள். எண்ணாமல் அதை எப்படிச் சொல்ல முடியும்? கூட்டமாக இருந்தால் முதலில் பத்தை ஒழுங்காக எண்ணுங்கள். அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அந்த அளவை அப்படியே ஏரி மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். முதல் வாரம் தப்பும். ஒரு மாதத்தில் கண் பழகிவிடும்.

இன்னொன்று, பார்த்த எல்லா வகையையும் எழுதுவது. எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், நடந்திருந்தால் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இ-பேர்டில் பட்டியலை ஏற்றும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் பதிந்துவிட்டீர்களா என்று ஒரு கேள்வி கேட்கும். அதற்கு ஆம் என்று சொல்ல முடிந்தால், நீங்கள் எழுதாத பறவையும் ஒரு தகவலாகிவிடுகிறது. அரை மணி நேரம் நின்றும் நீலத் தாழைக்கோழி கண்ணில் படவில்லை என்பதும் செய்திதானே? நல்லதை மட்டும் பொறுக்கி எழுதினால் அந்த இடம் காலியாக இருந்ததா, நீங்கள் எழுதாமல் விட்டீர்களா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. என் ஆறு நோட்டும் அப்படித்தான் வீணானது.

உங்களுக்குப் பக்கத்திலேயே புழல் ஏரி இருக்கிறது. 1876இல் கட்டியது, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அங்கே தினமும் நீர்மட்டம் எழுதுகிறார்கள், அது பேப்பரிலும் வருகிறது. நேற்றும் இதே தண்ணீர்தானே என்று ஒரு நாளும் விடுவதில்லை. பறவைக்கு மட்டும் தினம் புதுசு வேண்டும் என்று கேட்பது என்ன நியாயம்?

எண்ணூரையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து, பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலையாறு, எண்ணூர் முகத்துவாரம் என்று பரவியது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயோடு நின்றதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மறுநாளே எல்லோரும் கேமராவோடு போனார்கள், போகவேண்டியதுதான். ஆனால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டால் அதற்கு முந்தைய டிசம்பரில், அதற்கும் முந்தைய டிசம்பரில் அங்கே எத்தனை கூழைக்கடா இருந்தது என்று தெரிய வேண்டும். ஸ்பெஷலாக ஒன்றுமில்லாத ஒரு காலையில் யாரோ நின்று எண்ணியிருந்தால்தான் அந்த எண் கிடைக்கும்.

இனி உங்கள் தும்பிக்கு வருகிறேன். விடிகாலையில் தும்பி பறக்காததைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். மொபைல் வைத்திருப்பவருக்கு அதுதான் அதிர்ஷ்டம். வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் அதற்குப் பறக்க முடியும். ஆறரை மணிக்குச் சம்புத் தண்டிலும் புல் நுனியிலும் பனித்துளி பூத்து அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு முழம் வரை மெதுவாகக் கிட்டே போகலாம், உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது. பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என மூன்று படம் எடுங்கள். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் நிறத்திட்டு இருக்கிறதா என்பது பல வகைகளில் முக்கியம். ஆணும் பெண்ணும் வேறு நிறத்தில் இருப்பதும் சகஜம்.

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. உயிரினப் படங்களைப் பதியும் ஐ-நேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் வெறும் தும்பி என்று போட்டு ஏற்றிவிடுங்கள், தெரிந்தவர்கள் வந்து பெயர் சொல்வார்கள். குறைந்தது இரண்டு பேர் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் தரம் பெறும். இறக்கையில் ஆரஞ்சு பூசினாற்போல ஒரு தும்பி உங்கள் ஏரியில் கட்டாயம் கிடைக்கும். கழிவுநீர் கலந்த தண்ணீரையும் தாங்கிக்கொள்ளும் வகை. அதன் அறிவியல் பெயர் பிராக்கிதெமிஸ் கண்டாமினேட்டா. கண்டாமினேட்டா என்றால் மாசுபட்டது. வடசென்னை ஏரிக்குப் பொருத்தமான பெயர்தான், என்ன செய்ய!

அந்தத் தண்டுகளிலேயே இன்னொன்றையும் தேடுங்கள். முதுகு பிளந்த, காய்ந்த பழுப்பு நிறத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் கொசுப்புழுவையும் மற்றதையும் தின்று வளர்ந்த இளம்புழு, இரவிலோ விடியும்போதோ மேலேறி வந்து, தோலை உரித்துத் தும்பியாகப் பறந்த இடம் அது. பறக்கும் தும்பி எங்கிருந்தோ வந்ததாக இருக்கலாம், ஆனால் இந்தத் தோல் அந்த ஏரியிலேயே பிறந்து வளர்ந்ததற்குச் சாட்சி. அதற்கும் ஒரு படம் எடுங்கள். எனக்கு அரிவாள் மூக்கன் படத்தைவிட இதுதான் பெரிது.

தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும் என்பார்கள். மழைக்காலத்தை ஒட்டிக் கூட்டங்கூட்டமாக வரும் மஞ்சள் தட்டானின் பெயர் பண்டாலா ஃப்ளாவெசென்ஸ். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் ஒரு கட்டுரை எழுதினார். மாலத்தீவில் இருந்துகொண்டு ஆண்டுதோறும் அவை வந்திறங்கும் தேதியைக் குறித்து வைத்தவர் அவர். கொளத்தூரில் அவை முதலில் வரும் தேதியை உங்கள் நோட்டிலும் குறித்து வையுங்கள்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் படம் போட்டுக் காட்டாதீர்கள். நைட் ஷிப்ட் முடிந்த கண்ணோடு மழை நாளில் கரைச் சரிவில் இறங்காதீர்கள், பறவை மேலேயிருந்தே தெரியும்.

அந்த லென்ஸ்காரர் மீது எனக்குக் கோபமில்லை, நானும் ஒரு காலத்தில் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு திரிந்தவன்தான். அடுத்த முறை வந்தால் நோட்டைக் காட்டி, "19 இருக்கு சார்" என்று சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம். அந்த 19இல் காகத்தைச் சேர்த்தீர்களா?