சைக்கிள் ஸ்டாண்ட் சத்தம்

வணக்கம் அண்ணை,

பெயர் போடவேண்டாம். கிளிநொச்சிப் பக்கம் என்று மட்டும் போடுங்கள்.

2009 இல், போர் முடியும் நேரம், தம்பிக்கு 11 வயது, எனக்கு 19. மாத்தளனில் அம்மாவின் உயிர் போகும்போது, "தம்பியின்ரை கையை விட்டிடாதை" என்றுதான் சொன்னா. நான் விடவில்லை. செட்டிகுளம் முகாமிலும் விடவில்லை, திரும்பிவந்து தறப்பாள் கொட்டிலில் கிடந்தபோதும் விடவில்லை. இப்போது அவன் குடிக்கிறான். வேலைக்குப் போகாத நாளில் முதலாளிக்குப் போன் எடுத்துக் காய்ச்சல் என்று சொல்வது நான். தவறணைக் கடனைக் கட்டுவதும் நான். தையல் மெசினை விற்றுத்தான் அவனுடைய ஓட்டோ லீசிங்கைக் கட்டினேன். ஒரு கிழமை அறையில் பூட்டிவைத்தால் திருந்துவானோ என்றும் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் உளவளத்துணை செய்யும் பிள்ளை, "அக்கா, உதவி முதலில் உங்களுக்குத்தான் வேணும்" என்கிறாள். இப்படி ஒருவரைத் தாங்கித் தாங்கியே தன்னை மறந்துபோவதற்குக் கோடிபென்டென்சி என்று பெயராம். பெண்கள் நாலைந்து பேர் கூடும் இடத்தில் என் கதையைச் சொல்லட்டாம். வீட்டுக்கதையை வெளியில் சொன்னால் தம்பியின் மானம் போகாதா? சொல்லித்தான் என்ன மாறப்போகிறது?

---

அன்புள்ள தங்கச்சி,

பூட்டிவைக்கும் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், சிலவேளை உயிரே போகலாம். அது வைத்தியர் மருந்து கொடுத்துச் செய்யவேண்டிய வேலை. சரி, தம்பியைப் பற்றி நான் எழுதப்போவது இவ்வளவுதான்.

ஏனென்றால் உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மேலே சுருக்கிப் போட்டிருக்கிறேன், வந்தது நாலு பக்கம். தம்பி எத்தனை மணிக்கு வந்தான், எதைச் சாப்பிட்டான், கண் எப்படிச் சிவந்திருந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. உங்களைப் பற்றி இருப்பது தையல் மெசினை விற்ற அந்த ஒரு வரி. அதுவும் லீசிங் கணக்கோடு சேர்ந்து வருகிறது. சொல்லப் பயப்படுகிறீர்களே, அது தம்பியின் கதை. அந்தப் பிள்ளை கேட்பது உங்களுடையதை.

என் அப்பாவும் குடித்தவர். முத்தையன்கட்டுப் பக்கம் எங்களுக்கு வயல் இருந்தது. பொழுதுபட ஒழுங்கையால் அவருடைய சைக்கிள் வரும். முற்றத்தில் ஸ்டாண்ட் போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். ஒரே தட்டில் 'டக்' என்று நின்றால் பரவாயில்லை, படிக்கலாம். இரண்டு மூன்று தரம் உரசிவிட்டு நின்றால் தங்கச்சியைப் பின்வளவுக்கு அனுப்பவேண்டும். சைக்கிள் சரிந்து விழுந்த சத்தம் கேட்டால் நான்தான் ஓடுவேன். முதலில் சைக்கிளைத் தூக்கி நிறுத்துவேன், பேந்துதான் அப்பாவை. அப்போது எனக்கு எட்டு வயது.

அப்பா போய்விட்டார், அந்தக் காது போகவில்லை. கலியாணம் முடித்தபிறகு மனைவி குசினியில் சட்டியைக் கொஞ்சம் அழுத்தி வைத்தாலும் நெஞ்சு இடிக்கும். "என்ன, கோபமோ?" "இல்லை." பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்பேன். மூன்றாம் தரம் கேட்கும்போது அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிடும்.

நாற்பது தாண்டியபிறகு, குடிப்பவர்களின் வீட்டுக்காரர் கூடிய ஒரு அறையில் இதை முதன்முதலாகச் சொன்னேன். ஆறு பிளாஸ்டிக் கதிரை, ஆளுக்கொரு பிளேன்ரீ. அப்பாவைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, ஸ்டாண்டைப் பற்றித்தான் சொன்னேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. எதிரில் இருந்த அம்மா ஒருவர் மட்டும், "எங்கட வீட்டிலை படலை" என்றா. படலைக் கொளுக்கியைக் கழற்றும் விதத்தில் அவ கணக்குப் பார்ப்பாவாம், முப்பது வருசமாக. இந்தக் காது எனக்கு மட்டும் முளைத்தது என்றல்லவா அதுவரை நினைத்திருந்தேன்!

அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன் என்று எழுத ஆசைதான். விடியுமட்டும் புரண்டேன். அதுவும் வழமைதானாம். 1986 இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வருத்திய சம்பவத்தை எழுதச் சொன்னார். எழுதிய கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் பாரமாகத்தான் இருந்தது. அடுத்துவந்த மாதங்களில் நோயென்று வைத்தியரிடம் போவது குறைந்தது. நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கு அல்ல, நடந்தபோது தாங்கள் பட்டதையும் சேர்த்து எழுதியவர்களுக்கு.

கோடிபென்டென்சி என்ற அந்தப் பெயரோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. குடிப்பவர்களுக்கு வைத்தியம் பார்த்த அமெரிக்க நிலையங்களில், அவர்களின் குடும்பத்தைக் கவனித்துப் பிறந்த சொல் அது. மனநோய்களின் பட்டியலில் அப்படியொரு நோய் இல்லை. உங்கள் தம்பி தப்பியதே நீங்கள் கையைப் பிடித்திருந்ததால்தான். கை விடுபட்டு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் வந்து இருந்தார்களே, அதைப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு உங்களிடம் போய்ப் "பிடித்தது பிழை" என்று எந்த வாயால் சொல்ல? ஆனால் அம்மா சொன்னது 11 வயதுப் பிள்ளையின் கையை. இப்போது அது ஓட்டோ ஓட்டுகிற கை. முதலாளிக்குப் போன் எடுக்கவும் அதற்குத் தெரியும்.

மானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தவறணையில் இருப்பவர்களுக்கும் ஓட்டோ தரிப்பிடத்தில் நிற்பவர்களுக்கும் தெரியாத எதை நீங்கள் ஒளித்துவைத்திருக்கிறீர்கள்? அவன் பெயரை எடுக்காமலும் சொல்லலாம். முதலாளிக்குக் காய்ச்சல் என்று சொல்லும்போது உங்கள் குரல் எப்படி மாறும், அதைச் சொல்லுங்கள். குழாயடியில் வேண்டாம், ஊர் சின்னது. இங்கே பேசுவது வெளியே போகாது என்று அந்தப் பிள்ளையிடம் முதலே உறுதி கேளுங்கள். யாராவது புத்திமதி சொல்லத் தொடங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். அல்-அனன் என்று குடிப்பவர்களின் உறவினருக்காக 1951 இல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கத்தில், இன்றைக்கும் அவரவர் தன் பாட்டைத்தான் சொல்வார்கள், மற்றவருக்கு வழி சொல்வதில்லை. வாய் வராவிட்டால் ஒரு கொப்பி போதும். இரவில் தாங்கமுடியாமல் போனால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

சொன்னால் தம்பி மாறுவானா என்றா கேட்டீர்கள்? என் அப்பா மாறவில்லை. எனக்கு இப்போதும் சட்டிச் சத்தம் கேட்கிறது. கேட்டுவிட்டு, கையிலிருக்கும் பேப்பரைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எல்லா நாளும் அல்ல.

அப்புறம், அந்த மெசின். கால்மெசினா, கைமெசினா? யார் வாங்கித் தந்தது? கடைசியாக அதில் என்ன தைத்தீர்கள்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.